கிழிக்காத கடிதம்

ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு ஓரம் அடித்தே இருபத்தெட்டு வருஷத்தை ஓட்டிவிட்ட தையல்காரம்மாவைக் கண்டால் புது நர்சுகள் எழுந்து நிற்பார்கள். தையலுக்காக அல்ல. அவளுடைய அண்ணன் எழுதிய நாவலில் வரும் தங்கை இவள்தான் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தத் தங்கை, மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதிய சம்மதக் கடிதத்தைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டு, அண்ணனுக்குச் சோறு பொங்க வீட்டோடு இருந்துவிடுவாள். பள்ளிக்கூடப் பாடத்தில்கூட அந்தப் பக்கம் உண்டு.

நடந்தது வேறு. கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி அண்ணனிடம்தான் கொடுத்தாள். அந்த மகராசன் போடவில்லை. பதில் வராத மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டார். நாலு வருஷம் கழித்து அண்ணனின் பழைய பையில் கடிதம் ஒட்டிய உறை பிரிக்காமலே கிடந்தது. அவள் கேட்கவில்லை. மறு வருஷம் நாவல் வந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காயை ஊரே கறி வைத்துச் சாப்பிட்டது. தியாகி என்று கும்பிட்டவர்களிடம் இவளும் இல்லை என்று சொல்லவில்லை. முதலில் கோபம் இருந்தது. பிறகு அது ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துவிட்டது.

போன வருஷம் அண்ணன் போய்ச் சேர்ந்தார். இப்போது அவருடைய மகள் சாப்பாட்டு நேரத்தில் தையல் அறைக்கே வந்திருந்தாள். நாவலின் புதுப் பதிப்புக்கு அத்தை சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் எழுதிக்கொள்ள வேண்டுமாம். இனி யாருக்குப் பயம்? ஒரு தடவையாவது தன் வாழ்க்கை தன்னுடையதாக இருக்கட்டும் என்று தையல்காரம்மா முடிவு செய்தாள். மெஷினை நிறுத்திவிட்டு, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும் அத்தை," என்றாள் மகள். "ஒருத்தரு என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டப்போ, அப்பாவைப் படுக்கையில விட்டுட்டு எப்படிப் போறதுன்னு ஒரு வாரம் தவிச்சேன். அப்புறம் நீங்க கடிதத்தைக் கிழிக்கிற பக்கத்தை எடுத்துப் படிச்சேன். அத்தையே செஞ்சாங்களேன்னு அவருகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். அதுக்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல."

அண்ணன் மகளுக்கு வயசு நாற்பத்தொன்று. காதோரம் நரைத்திருந்தது. தையல்காரம்மாவுக்கு அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை.

"நீங்க என்னவோ சொல்ல வந்தீங்களே?"

"எழுதிக்கோ கண்ணு. நான்தான் கிழிச்சேன். கைகூட நடுங்கல."