சிவகாசி மாடியில் ஹைட்ரேஞ்சியா

என் அக்கா வீட்டுக்காரருக்கு சிவகாசியில் பட்டாசுக்கடை இருக்கிறது. தனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்ற நினைப்பும் இருக்கிறது. கொடைக்கானலுக்குப் போனவர், பந்து பந்தாக நீலப்பூ பூத்திருந்த ஹைட்ரேஞ்சியா தொட்டிகளை வாங்கிவந்து மொட்டைமாடியில் வரிசையாக வைத்தார். வந்த பூ வாடி உதிர்ந்தது. அப்புறம் வெறும் இலைதான்.

நான் சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறேன். "அத்தான், அது மொட்டு வைக்கணும்னா ராத்திரியில நல்லாக் குளிரணும். இங்கன விடியக்காலத்துலயும் மாடித் தரை சுடுது. இலை விடும், பூக்காது" என்றேன்.

"புஸ்தகத்துல படிச்சதையெல்லாம் இங்கன வந்து அளக்காத. தண்ணி ஊத்துறவ கை ராசி அப்படி" என்றார், அக்காவைக் காட்டி.

மூட்டுவலியோடு தினமும் மாடிக்கு வாளி தூக்கியவள் அவள். மனுஷன் ஒருநாளும் ஒரு செம்புத் தண்ணி ஊற்றியதில்லை. யோசனை மட்டும் சொல்வார். மீன்கடையிலிருந்து ஐஸ் கட்டி வரவழைத்து வேரில் கொட்டச் சொன்னார். கொட்டினாள். இலை கறுத்ததுதான் மிச்சம்.

தீபாவளி சீசன் முடிந்து வெளியூர் வியாபாரிகளுக்கு மாடியில் விருந்து வைத்தார். அன்று காலை ஒரு பை நிறைய நீலத் துணிப்பூவை அக்காவிடம் கொடுத்து, செடியில் கட்டச் சொல்லியிருக்கிறார். இவ்வளவு கீழே இறங்குவார் என்று நான்கூட நினைக்கவில்லை.

சாயங்காலம் ஒரு வியாபாரி, "இந்த வெயில்ல இது எப்படிங்க பூத்துச்சு?" என்று வாயைப் பிளந்தார்.

"எல்லாம் பராமரிப்புதான். பக்குவம் தெரியணும்" என்று அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார்.

வடைத் தட்டோடு நின்ற அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "அது துணிப்பூங்க. காலையில நான்தான் கம்பி வச்சுக் கட்டுனேன்."

"வெளையாட்டுக்குச் சொல்றா" என்று அவர் சிரித்தார். வியாபாரி ஒரு பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வடையை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் யாரும் செடிப் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அன்று வடை ரொம்ப ருசித்தது.

அவருக்குப் புத்தி வரவில்லை. அடுத்த தடவை ஆப்பிள் கன்றோடு வந்து இறங்கினார். அதுவும் குளிர் பட்டால்தான் பூக்கும். சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா கன்றைப் பார்த்தாள். "வாளி அங்கன இருக்கு. நீங்களே ஊத்திக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள்.