கொட்டுதா, உடையுதா?

போன செவ்வாய்க்கிழமை, பெக்கான் நானாஸில் ஒரு கிளினிக்கில், ஐம்பத்திரண்டு வயதான என் மனைவிக்குக் கருக்கலைந்துவிட்டது என்று என் வாயாலேயே அறிவித்தேன்.

பதறாதீர்கள். அவள் அப்போது வெளியே பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தாள்.

முதலில் இருந்து சொல்கிறேன். பத்மாவின் தலைமுடி எங்கள் தாமான் குடியிருப்பில் பிரசித்தம். பின்னிப் போட்டால் இடுப்பைத் தாண்டும். கல்யாண வீடுகளில் என்னை எப்படி அறிமுகப்படுத்துவார்கள் தெரியுமா? “நீள முடி அக்கா இருக்காங்கல்ல... அவங்க வீட்டுக்காரரு.” இத்தனை வருஷமாக வாரம் தவறாமல் பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். ஊரில் எனக்குள்ள விலாசம் இதுதான்.

என் தலையைப் பற்றிக் கேட்காதீர்கள். இந்தப் பத்தியின் மேல் இருக்கும் படம் மிகப் பழையது. ஆசிரியர் மாற்றச் சொல்கிறார். நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அப்படிப்பட்ட முடி மூன்று மாதமாகக் கொட்ட ஆரம்பித்தது. தலையணையில் முடி. குளியலறைச் சல்லடையில் முடி. ஒரு நாள் ரசத்தில் முடி.

“பத்மா, ரசத்துல முடி கெடக்குது” என்றேன்.

வழக்கமான பத்மாவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? “ஆமா, ஒங்களுக்குத்தான் தலையில இல்ல, ரசத்துலயாச்சும் இருக்கட்டும்.” நான் அதற்குத் தயாராகவே உட்கார்ந்திருந்தேன். அவளோ கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் வேறு ரசம் கொண்டுவந்து வைத்தாள்.

முப்பது வருஷமாகத் திட்டு வாங்கிச் சாப்பிட்டவனுக்கு, திட்டில்லாத ரசம் இறங்குமா?

சரி, ஆண்பிள்ளை நான், ஏதாவது செய்ய வேண்டுமே என்று வைத்தியத்தில் இறங்கினேன். வழுக்கைத் தலையன் முடி வளர்க்க ஆலோசனை சொன்னால் ஊர் சிரிக்கும். வீட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? கறிவேப்பிலை போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சினேன். செம்பருத்தி இலை அரைத்தேன். கடைசியாக வெங்காயச் சாறு. “அங்கிள், இன்னிக்கு சம்பாலா?” என்று வெங்காய வாடை பிடித்துப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சம்பாலின் தலையில் துண்டு கட்டியிருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அத்தனையையும் பத்மா பூசிக்கொண்டாள். “மொதல்ல ஒங்க தலையில போட்டுப் பாருங்க” என்று ஒரு வார்த்தை... இல்லை. ஒருநாள் சாயங்காலம், தலையைக் குனிந்து நான் எண்ணெய் தேய்க்கக் காட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

“அக்காவுக்கும் மொதல்ல முடிதாங்க கொட்டுச்சு.”

குளுவாங்கில் இருந்த அவள் அக்கா. நான்கு வருஷத்துக்கு முன்னால் நோயில் போய்ச் சேர்ந்தவர். எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாளே கிளினிக்.

காரில் போகும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் மலாயில் ஒத்திகை பார்த்தேன். ‘ரம்புத் இஸ்திரி சாயா குகூர்.’ என் மனைவியின் முடி உதிர்கிறது. தமிழ்க் காதுக்கு இஸ்திரிப் பெட்டியும் டீயும் போலக் கேட்டாலும், சுத்தமான மலாய். அவள் வாசலில் என்னை இறக்கிவிட்டு, “போய்ப் பேரு பதிஞ்சிருங்க” என்றாள். கவுன்டரில் ஓர் இளம் நர்ஸ். நான் வாயைத் திறந்தேன். பயத்தில் முதல் வார்த்தை எங்கோ போய்விட்டது.

“இஸ்திரி சாயா குகூர்.”

இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக: ‘குகூர்’ என்றால் உதிர்வது. முடியும் உதிரும், இலையும் உதிரும். எது என்று சொல்லாமல் மனைவி குகூர் என்றால்... கரு.

நர்ஸ் எழுந்தே விட்டார். “அலாமாக்... பெராப்பா பூலான், பாச்சே?” எத்தனை மாதம், அங்கிள் என்று கேட்கிறார். எத்தனை மாதமாக முடி கொட்டுகிறது? சரியான கேள்வி.

“தீகா பூலான்” என்றேன். மூன்று மாதம்.

“டாரா?” என்றார் அடுத்து. ரத்தம். ரத்தப் பரிசோதனையைத்தான் கேட்கிறார், என்ன கெட்டிக்காரப் பெண் என்று நினைத்து, ஆமாம், அதற்குத்தான் வந்தோம் என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த நிமிடம் சக்கர நாற்காலி வாசலுக்கு ஓடியது. கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நடந்து வந்த பத்மாவை இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். அவள் நாற்காலியையும் பார்த்தாள், நர்ஸையும் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

“என்னங்க சொல்லித் தொலைச்சீங்க?”

மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் திட்டு. பாதி பயம் அங்கேயே தெளிந்தது.

டாக்டர் கண்ணாடி போட்ட மலாய்க்காரப் பெண்மணி. நர்ஸ் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். எங்களைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு பத்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“குகூர் கே, பாத்தா?”

உதிர்கிறதா, உடைகிறதா?

இப்படி ஒரு கேள்வி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. நம் பேச்சில் எல்லாம் ‘கொட்டுது’தான். மழை கொட்டும், மேளம் கொட்டும், தேள் கொட்டும், முடியும் கொட்டும். எப்படிக் கொட்டுகிறது என்று யார் விசாரித்தார்கள்?

பத்மா கைப்பையில் இருந்து ஒரு ரொட்டிப் பையை எடுத்தாள். கொட்டிய முடியை எல்லாம் எனக்குத் தெரியாமல் சேர்த்து வைத்திருக்கிறாள். டாக்டர் ஒரு வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். வேரோடு உதிர்ந்த முடி என்றால் ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்குமாம். பத்மாவின் முடியில் பெரும்பாலும் அது இல்லை. இரண்டு பக்கமும் அறுந்த நூல் மாதிரி.

“கொண்டையை அவிழுங்கள்” என்றார்.

அவிழ்த்தாள். பின்கழுத்துக்கு மேலே, ஒரே உயரத்தில், கட்டை முடிகள் விறைத்து நின்றன. எங்கள் ஊர் அன்னாசியின் கொண்டை மாதிரி. டாக்டர் கொண்டையில் இருந்து கழற்றிய பொருளை விரலில் மாட்டிப் பார்த்தார். சிவப்பு ரப்பர் பேண்ட். அதில் நான்கு முடி சுற்றிக்கொண்டு கூடவே வந்திருந்தது. ரொட்டிப் பையின் வாயைக் கட்டியிருந்ததும் அதே சிவப்பு.

“இது எங்கே கிடைத்தது?”

பத்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வாசகர்களே, ஒப்புக்கொள்கிறேன். தினமும் காலையில் கடையில் தே தாரேக் டீயைப் பொட்டலமாக வாங்குபவன் நான். பிளாஸ்டிக் பையைக் கட்டி வரும் ரப்பர் பேண்டைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. என் அப்பா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். ரப்பரை வீணாக்கலாமா? சமையலறைக் கதவுப் பிடியில் மாட்டி வைப்பேன். அன்றைய தேதியில் அந்தப் பிடி கண்ணுக்கே தெரியவில்லை.

பத்மா முன்பெல்லாம் குளித்துவிட்டுப் பின்வாசலில் நின்று முடியைக் காய வைப்பாள். இந்த வருஷம் பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிவதற்குள் ஓட வேண்டும். ஈரத் தலையை முறுக்கி, கதவுப் பிடியில் இருந்து ஒன்றை உருவி, இறுக்கிக் கட்டிக்கொண்டு போவாள். ஈர முடி இழுத்தால் நீளும், பிறகு அறும் என்றார் டாக்டர். இவள் அதை எட்டு மணி நேரம் இழுத்துக் கட்டியிருக்கிறாள், என் அப்பாவின் ரப்பரால்.

வைத்தியம்? மிகச் சாதாரணம். காய்ந்த பிறகு கட்டுங்கள். துணி பேண்ட் போடுங்கள். தளரப் பின்னுங்கள். அகலப்பல் சீப்பால் நுனியில் இருந்து மேலே சிக்கெடுங்கள். முட்டை, பருப்பு சாப்பிடுங்கள். வெங்காயச் சாற்றைப் பற்றி நானாகக் கேட்டேன். “சமையலுக்கு நல்லது” என்றார்.

அக்காவைப் பற்றி பத்மா சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, எதற்கும் பார்த்துவிடலாம் என்று ரத்தமும் எடுத்தார். வெள்ளிக்கிழமை நர்ஸ் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். “பாச்சே குகூர் கே?” என்றார். குகூர் அங்கிளா என்கிறார்; என் பெயரே அங்கே அதுதான் போலிருக்கிறது. எல்லாம் நார்மல். தைராய்டு நார்மல், ரத்தம் நார்மல்.

சொன்னேன். பத்மா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் சமையலறைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் கதவுப் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் வெங்காயம்.

யோசித்துப் பார்க்கிறேன். டம்ளரைப் போட்டு உடைத்த குழந்தை என்ன சொல்கிறது? “விழுந்துருச்சு.” நாம் மட்டும் என்ன? இழுத்து இறுக்கி உடைப்பது நாம். கேட்டால், கொட்டுது.

சனிக்கிழமை ரப்பர் பேண்டுகளை எல்லாம் கழற்றிக் குப்பையில் போட்டேன். பிடி தெரிந்தது. இப்போது தே தாரேக் வாங்க பிளாஸ்க் கொண்டுபோகிறேன். அன்று பத்மா பின்னால் நின்றுகொண்டு, வெங்காயம் தொடங்கி சக்கர நாற்காலி வரை, மூன்று மாதத் திட்டு பாக்கியை வரிசையாக எடுத்துவிட்டாள்.

முடி பழைய நீளத்துக்கு வர வருஷக்கணக்காகும் என்றார் டாக்டர். வசவு அன்றைக்கே இடுப்பைத் தாண்டிவிட்டது.