பாவாயிக்கு வந்த மெமோ

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் எட்டாவது கொண்டை ஊசி வளைவு முதல் பன்னிரண்டாவது வளைவு வரை பாவாயியின் பொறுப்பு. பொறுப்பு என்றால் மண்வெட்டி, கடப்பாரை, கூடை, ஒரு ஆரஞ்சு நிற மேல்சட்டை. கணவர் அங்கப்பன் சாலைப் பணியாளராக இருந்தார். மஞ்சள் காமாலையில் அவர் இறந்துபோனபின் அந்த வேலை வாரிசு என்ற முறையில் அவளுக்கு வந்தது. பதினொரு வருடங்களாக மஞ்சக்குட்டையிலிருந்து ஷேர் ஜீப்பில் டவுனுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் இறங்கிப்போய், ஓரக் கால்வாயில் அடைத்த சருகையும் சரிந்த மண்ணையும் அள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் சித்திரையில் உதவிப் பொறியாளர் ரொனால்ட் மாற்றலாகி வந்தார். சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். அலை அரித்த சாலைகளைக் காப்பாற்றிப் பேர் வாங்கியவர். அதனாலேயே அவரை ஐயாயிரம் அடி உயரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு திட்டமும் வந்தது. கடலோரச் சாலைகளைப் புயலிலிருந்து காப்பதற்கென்று ஒதுக்கிய பணத்தில் மீதி இருந்ததாம். புயல் மழை மலையிலும் பெய்கிறது என்று யாரோ எடுத்துச்சொல்ல, மலைப்பாதையையும் சேர்த்துவிட்டார்கள். படிவத்தின் முதல் கேள்வி, சாலைக்கும் கடலுக்கும் இடையே உள்ள தூரம் எத்தனை மீட்டர் என்பது. ரொனால்ட் அதை வாய்விட்டுப் படித்துச் சிரித்தார். ஆனாலும் நிரப்பினார்.

ஒன்பதாவது வளைவில் பள்ளத்துப் பக்கம் பெரிய தடுப்புச் சுவர் எழும்பத் தொடங்கியது. அந்த இடத்தில் சாலைக்கு அடியில் பழைய சிறுபாலம் ஒன்று உண்டு. மேலே எஸ்டேட் சரிவிலிருந்து இறங்கும் தண்ணீர் அதன் வழியாகத்தான் பள்ளத்துக்குப் போகும். வேலை நடக்கும்போது பாவாயி ரொனால்டைக் கூட்டிப்போய் அதைக் காட்டினாள்.

“சார், இதுல நொம்பத் தண்ணி வருமுங்க.”

“எப்பம்மா வரும்?”

“ஐப்பசியிலிங்க.”

ரொனால்ட் குனிந்து பார்த்தார். உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது. பதிவேட்டைப் புரட்டினார். அந்தக் கிலோமீட்டரில் இரண்டு சிறுபாலங்கள்தான் என்று போட்டிருந்தது. இது அந்த இரண்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாத பாலத்துக்கு வரைபடத்தில் வழி விட முடியாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதன் வாயில் கல் அடுக்கிச் சிமெண்டு பூசிச் சுவரை மேலே கொண்டுபோனார்கள். இல்லாத ஒன்றை அடைத்ததாக யார் எழுத முடியும்? அதனால் அடைத்ததும் எழுதப்படவில்லை.

சுவருக்குத் திறப்பு விழா நடந்தது. கடலோரச் சாலைகள் புயல் பாதுகாப்புத் திட்டம் என்று நீலப் பலகை வைத்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் காரை நிறுத்தி, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கடல் எந்தப் பக்கம் என்று சிலர் பாவாயியிடமே கேட்டார்கள். முதலில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம் கிழக்கே கை காட்டப் பழகிக்கொண்டாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. கடற்கரையில் எல்லோரும் காத்திருக்க, அங்கே தூறலோடு கரையேறி உள்ளே வந்து, கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் சேர்வராயன் மலையில் கொட்டியது. இரண்டாம் நாள் காலை எட்டரை மணிக்குப் பாவாயி ஒன்பதாவது வளைவுக்குப் போனபோது எஸ்டேட் சரிவிலிருந்து செம்மண் தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. கீழே போக வழியில்லாமல் சாலையில் ஏறிச் சுவருக்கு இந்தப் பக்கம் குளமாக நின்றது. சுவர் அசையவே இல்லை, நல்ல சுவர். ஆனால் சாலையின் நடுவே விரல் நுழையும் அகலத்தில் வெடிப்பு ஓடியிருந்தது. பாவாயி அதில் குச்சியை விட்டுப் பார்த்தாள். ஒரு முழம் உள்ளே போயிற்று.

ரொனால்டுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. புதிய சுவரால் மலைப்பாதை பத்திரமாக இருக்கிறது என்று அவர் அந்நேரம் சேலத்தில் ஒரு கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

கீழிருந்து பஸ் ஏறிவரும் சத்தம் கேட்டது. பாவாயி ஓடிப்போய் வளைவுக்கு முன்னால் குறுக்கே நின்றாள். டிரைவர் பென்னி அவளுக்குத் தெரிந்தவர்.

“ஏனுங்க, இங்கயே நிறுத்திப்போடுங்க. மேல தார் இருக்குது, அடியில மண்ணு இல்லீங்க.”

பென்னி இன்ஜினை அணைத்துவிட்டார். பயணிகளுக்குத்தான் பொறுக்கவில்லை. சாலையை மறிக்க ஆர்டர் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். மறியலோ என்று இன்னொருவர் விசாரித்தார். பாவாயி பென்னியிடம் கயிறு வாங்கி இடுப்பில் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்து, கடப்பாரையோடு சுவரின் ஓரமாகப் பள்ளத்தில் இறங்கினாள்.

சிறுபாலத்தின் வாய் இருந்த இடம் வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. பதினொரு வருடம் அதில் மண் அள்ளியவளுக்குத் தெரியும். பக்கவாட்டில் பாறையோடு ஒட்டி நின்றுகொண்டு சிமெண்டுப் பூச்சைக் குத்தினாள். இருபது முப்பது குத்துக்குப் பிறகு ஒரு கல் அசைந்தது. அதைத் தண்ணீரே பிடுங்கி எறிந்தது, அடுத்த கல்லையும் சேர்த்து. செம்மண் வெள்ளம் அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பீறிட்டுப் பள்ளத்தில் விழுந்தது. பென்னி கயிற்றை இழுத்து அவளை மேலே ஏற்றினார். அரைமணி நேரத்தில் சாலைக் குளம் வடிந்தது. வெடிப்பு அகலாமல் நின்றது. மதியம் ரொனால்ட் வந்து, மேட்டுப் பக்கமாகப் பஸ்ஸை மெல்ல விடச் சொன்னார். மலைக்குப் பாலும் மருந்தும் அன்றைக்கே ஏறின.

புயலில் சாலையைக் காத்த சுவர் என்று பேப்பரில் படம் வந்தது. அதே சமயம், பஸ்ஸில் இருந்த ஒருவர் செல்போனில் எடுத்த காட்சி ஊர் முழுக்கச் சுற்றியது. அதில் ஒரு பெண் அரசாங்கச் சுவரைக் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரத்தில் மெமோ வந்தது. ஒன்பதாவது வளைவில் சிறுபாலத்தின் வழியே மழைநீர் வெளியேறும் பொருட்டு, தடுப்புச் சுவரின் அடிப்பகுதியை முன் அனுமதியின்றி உடைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தது. மேலிடத்து உத்தரவுப்படி அதை எழுதியவர் ரொனால்ட். நேரிலேயே கொண்டுவந்து, நிமிர்ந்து பார்க்காமல் கொடுத்தார். பதிலையும் தானே எழுதித் தருவதாகச் சொல்லி, என்ன எழுதட்டும் என்று கேட்டார்.

“தண்ணி அனுமதி கேட்டுட்டு வரலீங்க சார்.”

அவர் அதை எழுதவில்லை. சாலையின் நலன் கருதி என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினார். பாவாயி கையெழுத்துப் போட்டாள். தன் கேள்விக்குத் தானே எழுதிய அந்தப் பதில் திருப்தியாக இல்லை என்று ரொனால்டே குறிப்பும் எழுதவேண்டி வந்தது. கடைசியில் பாவாயி எச்சரிக்கப்பட்டாள். ரொனால்ட் பாராட்டுப் பத்திரத்தோடு கடற்கரைக்கே மாற்றலாகிப் போனார். போகுமுன் அவள் வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டுப் போனார்.

மகள் வெண்ணிலா அந்த மெமோவை அடுப்பில் போடச் சொன்னாள். பாவாயி கேட்கவில்லை. டவுனுக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்து வாங்கிவந்தாள்.

மாசியில் புதிய பொறியாளர் வந்தார். காய்ந்து கிடந்த ஓட்டையைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். இரண்டு நாளில் பூசிவிடச் சொன்னார். மறுநாள் பாவாயி மெமோவை எடுத்துவந்து நீட்டினாள். அவர் அதை இருமுறை படித்தார்.

“சிறுபாலத்துல தண்ணி வந்துச்சுன்னு ஆபீஸே எழுதியிருக்கே.”

“ஆமாங்க சார். என்மேல தப்புன்னு எழுதறப்ப எழுதிப்போட்டாங்க.”

பொறியாளர் டேப்பை எடுத்து நீளம் அகலம் அளந்தார். அந்தக் கிலோமீட்டரின் மூன்றாவது சிறுபாலம் பதிவேட்டில் ஏறியது. கண்டறிந்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். பாவாயிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பதிவேட்டில் ஏறிய பாலத்தை அடைப்பதற்கு ஏழு பேர் கையெழுத்து வேண்டும். அத்தனை பேரிடமும் வாங்கி முடிப்பதற்குள் ஐப்பசி வந்துவிடும்.