மாமா கட்டிய ஃப்ளெக்ஸ்

ஓடைப்பட்டி பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது என் முகம்தான். ஆளுயரத்துக்கும் மேலே, கல்யாணக் கோட்டோடு சிரித்துக்கொண்டு நின்றேன். பின்னால் புகை கக்கும் ராக்கெட். ‘விண்ணை ஆளப்போகும் எங்கள் வீட்டுப் பிள்ளையே, வருக!’ வாழ்த்துவோர் வரிசையில் முதல் ஆள் என் தாய்மாமா. வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகிற கூட்டமெல்லாம் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் போனது. எனக்கோ அடுத்த பஸ்ஸிலேயே பெங்களூருக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

காரணம், அந்த வாரம்தான் பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்த லேசர் பெட்டியை, ராக்கெட்டில் போகவிருந்த செயற்கைக்கோளிலிருந்து நீக்கியிருந்தார்கள். தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் பிறக்கிற ஒளி அது. விண்வெளியில் தூரத்தை அளக்க வேண்டுமென்றால் அந்த ஒளி துளியும் நடுங்கக் கூடாது. ஆய்வுக்கூட மேசையில் சமர்த்தாகத்தான் இருந்தது. விண்வெளி போலவே காற்றை உறிஞ்சிய கலத்துக்குள் வைத்து மாற்றி மாற்றிக் குளிரவும் சூடாகவும் விட்டோம், நடுங்கித் தொலைத்தது. எவ்வளவோ முட்டிமோதிப் பார்த்தும் அடக்க முடியவில்லை.

திராட்சைப் பந்தலுக்கடியில் கொத்து வெட்டிக்கொண்டிருந்த மாமாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். கத்தரியை நிறுத்தினார்.

“சரியாக்கிரலாமா மாப்ளே?”

“ஆக்கலாம் மாமா. ஆனா இந்த ராக்கெட்டுல போகாது.”

“அப்பொ அந்த ஃப்ளெக்ஸைக் கிழிக்க வேணாம். மடிச்சு வைக்கிறேன். பெட்டி மேல போகையில கட்டிக்கிருவோம்.”

அவரே ஏணி போட்டு ஏறி அவிழ்த்தார். டீக்கடையில் கேட்டவர்களிடம், “ஊர்க்கண்ணு படுதுப்பா, நாந்தேன் எறக்குனேன்” என்று கிளாஸைப் பார்த்தபடியே சொன்னார். பக்கத்தில் நின்ற நான் கூனிக்குறுகிப் போனேன். அதற்குப் பிறகு போனில் உடம்பைக் கேட்பார், மழையைச் சொல்வார், லேசரைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும் எனக்கு.

போன ஐப்பசியில் மாமா தவறிப்போனார். சுடுகாட்டில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மாமா மகன் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு ஓடி, அங்கே மடித்து வைத்திருந்த ஃப்ளெக்ஸை எடுத்து வந்து சிதைக்கு அடுக்கியிருந்த விறகின்மேல் விரித்தான். ஊர்சனம் மொத்தமும் சுற்றி நிற்க, மறுபடியும் என் முகம்.

“ஏந்தம்பி, அந்தப் பெட்டி போயிருச்சா?” என்றார் ஒரு பெரியவர். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

“இன்னும் இல்லைங்கய்யா.”

மாமா இருந்திருந்தால் எனக்காக ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். காற்று ஃப்ளெக்ஸைத் தூக்கியது. குனிந்து அதன் முனையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கோட்டு, ராக்கெட், சிரிப்பு எல்லாம் நனைந்தன. விறகு நனையவில்லை.