பனி தங்காத கொல்லை

எங்கள் ஊர் கொமுனே முழுக்க முழங்கால் அளவு பனி. கூரை, மதில், கிம்ச்சி ஊறுகாய்ப் பானைகளின் மூடி என்று எதையும் அது விட்டுவைக்கவில்லை. தாக் போங்-கில் வீட்டுக் கொல்லையில் மட்டும் ஒரு கைப்பிடிப் பனி கிடையாது. யாரோ இப்போதுதான் வெந்நீர் ஊற்றிவிட்டுப் போன மாதிரி கறுப்பு மண் ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. மனுஷன் வாயைப் பிளந்து நின்றார். செருப்பைக் கழற்றி வெறுங்காலை வைத்துப் பார்த்தார். வீட்டுக்குள் அடுப்புச் சூடு ஏறிய தரை மாதிரி இதமாக இருந்தது.

"அடியே ஓக்-ரே! ஓடி வாடி இங்க!"

மனைவி ஓக்-ரே கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"தீக்குச்சி கிழிச்ச நாத்தம் அடிக்குதே."

"அது உன் கிம்ச்சிப் பானை நாத்தம்."

"என் கிம்ச்சி தீக்குச்சி மாதிரியா நாறும்? சோறு அடிப்பிடிச்சுக் கருகினாலே தெரியாத மூக்கு, பேச வந்துடுச்சு!"

போங்-கில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அவள் சொன்னது உண்மைதான். சுரங்கத் தூசி அவர் நுரையீரலோடு மூக்கையும் தின்று பல வருஷமாகிவிட்டது. அந்த ரகசியம் அப்போது மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

கொல்லைக்குப் பின்னால் நிற்கிறதே மலை, அது கடவுள் வைத்த மலை இல்லை. நிலக்கரியோடு வெளியே வந்த வீண்கல்லை எங்கள் அப்பன், பாட்டன் காலத்திலிருந்து கொட்டிக் கொட்டி வளர்த்தது. கல்லோடு கல்லாகக் கொஞ்சம் கரியும் போய்விடும். காற்றும் மழையும் உள்ளே புகுந்தால் அது தானாகப் பற்றி, வெளியே தெரியாமல் வருஷக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். இதெல்லாம் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தப் பனிக்கு முந்தின கோடையில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்புறம்தான் இந்த மலைமேல் எல்லோருக்கும் திடீர்ப் பாசம். வட்டார அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், பேராசிரியர்கள் வந்தார்கள். செங்கல் ஆக்கலாம் என்றார் ஒருவர், கண்ணாடி வார்க்கலாம் என்றார் இன்னொருவர். கூட்டம் கூட்டமாகப் பேசி, காப்பி குடித்து, காரேறிப் போனார்கள். மலை அசையவில்லை.

போங்-கில்லுக்குச் சுரங்கத்தில் கேஸ் பார்க்கிற வேலை. ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் கருவியோடு தனி ஆளாக உள்ளே போவார். திரும்பி வந்து ஒரே ஒரு சொல் சொல்வார்: "போகலாம்." அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தலைக்கவசத்தைத் தொடுவார்கள். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டால் மேலாளரே வந்தாலும் உள்ளே நுழைய மாட்டார். அவர் பார்த்த பகுதியில் கேஸ் அடித்து ஒருவனைக்கூடத் தூக்கி வந்ததில்லை. மூடுவிழா அன்று கருவியைத் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் காலையிலிருந்து அவர் வார்த்தைக்காகக் காத்திருக்க ஒரு நாய்கூட இல்லை. மனுஷன் இளைத்துப்போனதே அதனால்தான்.

அப்படிப்பட்டவருக்குச் சூடான மண் கிடைத்தால் சும்மா இருப்பாரா? குழாயை வளைத்து நட்டார், தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினார், கூடாரம் தயார். மலையடிவாரம் வரை ஒரு வாய்க்கால் வெட்டி, மலையின் சூடான மூச்சு நேராகக் கூடாரத்துக்குள் வரும்படி துளை விட்டார். துளை வாயில் ஒரு பலகைக்கல். கல்லை நகர்த்தினால் சூடு கூடும், மூடினால் குறையும். வெளியே மரமெல்லாம் உறைந்து நிற்க, உள்ளே இலைக்கீரை தளதளவென்று வந்தது. பறித்துப் பன்றி இறைச்சியைச் சுருட்டிச் சாப்பிட்டவர்கள் கண்ணை அகல விரித்தார்கள். "ஜனவரியிலயா? இந்த ஊர்லயா?"

வட்டார அலுவலகத்திலிருந்து குக் என்ற இளம் அதிகாரி போட்டோ எடுக்க வந்தான். நல்ல பையன். கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"ஐயா, கேஸ் எதுவும் வராதுங்களா?"

கீரை சாப்பிட வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பக்கத்து வீட்டு மால்-நியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்ட என்ன கேக்குறான் பாருங்கடி!"

"தம்பி," என்றார் போங்-கில், "கேஸ் வந்தா எனக்குத் தெரியாம உனக்கா தெரியும்?"

அதிகாரி காது சிவந்து, கீரைக்கட்டோடு அவரை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போனான். 'கழிவு மலை தந்த கீரை' என்று வட்டாரச் செய்தித்தாளில் வந்தது. பேராசிரியர்கள் பேசியதை ஒரு சுரங்கத் தொழிலாளி செய்து காட்டிவிட்டான் என்று ஊரே நெஞ்சை நிமிர்த்தியது. நானும்தான் நிமிர்த்தினேன், பொய் சொல்வானேன்.

அப்புறம் கூடாரம் பெண்களின் சீட்டாட்டக் களமாகிவிட்டது. வீட்டில் எண்ணெய் எரித்துச் சூடேற்றக் கட்டுப்படியாகாத குளிர் அது. மால்-நியோவும் இன்னும் இரண்டு பெண்களும் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டும் கம்பளியுமாகக் காலையிலேயே வந்து நிற்பார்கள். வாசல் விரிப்பைத் தூக்குவதற்கு முன்னால் மால்-நியோ விறைப்பாக நின்று கேட்பாள்:

"அண்ணே, போகலாமா?"

போங்-கில் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, பழைய குரலில் சொல்வார்: "போகலாம்."

விளையாட்டுதான். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பத்து வயது குறைந்துவிடும்.

ஓக்-ரே மட்டும் உள்ளே கால் வைக்கவில்லை. "அங்க போனா தலை வலிக்குது. அந்த நாத்தம் வேற."

"ஊரே வருது. கட்டினவ வரல. எனக்கு எவ்வளவு அசிங்கம் தெரியுமா?"

"மால்-நியோவுக்கும் தலைவலிதான். கேட்டுப் பாருங்க."

"அவளுக்கு வலிக்கிறது சீட்டுல தோத்ததால!"

அந்த வருஷத்தின் மிகக் கொடிய குளிர் நாள் வந்தது. துப்பினால் எச்சில் தரையில் விழுவதற்குள் உறைந்துவிடும் போலிருந்தது. போங்-கில் விடிந்ததும் கூடாரத்தின் இடுக்கெல்லாம் பழைய போர்வைகளைத் திணித்து அடைத்தார். துளை வாயிலிருந்த பலகைக்கல்லை முழுசாக நகர்த்தி ஓரம் வைத்தார். உள்ளே வைகாசி மாதம் போல ஆகிவிட்டது.

வீட்டுத் தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் உறைந்துபோனதால், அன்று ஓக்-ரேக்கும் வேறு வழியில்லை. முனகிக்கொண்டே வந்தாள். போங்-கில்லுக்குத் தலைகால் புரியவில்லை! இருப்பதிலேயே நல்ல இடமாக, துளைக்குப் பக்கத்தில், கடைக்கோடியில் மெத்தை விரித்தார்.

"ராணி மாதிரி படு. குழாயெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"இன்னைக்கு ஒரு நாளுதான், சொல்லிட்டேன்."

"போகலாமா அண்ணே?" என்றாள் மால்-நியோ.

"போகலாம்!"

உறைந்த குழாயோடு மல்லுக்கட்டிவிட்டு உச்சிப் பொழுதில் திரும்பினார், கையில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு. வாசல் விரிப்பைத் தூக்கினார். சத்தமே இல்லை. மால்-நியோ கூடாரக் குழாயில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மற்ற இருவரும் ஒருவர் தோளில் ஒருவர். கோடியில் ஓக்-ரே இந்தப் பக்கம் முகம் திருப்பி, அரைக்கண் தூக்கத்தில். கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தன. கல்யாணத்தன்றுகூட இவள் இப்படிச் சிவக்கவில்லையே என்று அவருக்குப் பூரிப்பாக இருந்தது.

மால்-நியோவின் சீட்டைப் பார்த்தார். கட்டிலேயே உசத்தியான பளிச்சீட்டுகள் ஐந்தில் நான்கு அவள் முன்னால் மலர்ந்து கிடந்தன. ஐந்தாவதற்கு ஜோடி தரையில். அந்த ஐந்தாவது சீட்டோ அவள் விரலிடுக்கில். ஒரே அடி அடித்தால் போதும், வாழ்நாளில் ஒரு முறை வருகிற ஆட்டம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கிழங்கை வைத்தார். ஓக்-ரேயின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். பூனை மாதிரி வெளியே வந்து, குளிர் புகாமல் விரிப்பை மூடி, காற்று தூக்கிவிடாமல் ஓரத்தில் ஒரு கல்லையும் வைத்தார்.

அட பாவி மனுஷா! கல்லையும் வைத்தார்.

கிழங்குக்குத் தோதாக முள்ளங்கி ஊறிய கிம்ச்சித் தண்ணீர் வேண்டுமே. புதைத்த பானையிடம் போனார். மேலே படிந்த பனிக்கட்டியைக் கரண்டியால் தட்டி உடைத்தார். எழுந்ததும் மால்-நியோவைக் கேலி செய்ய வேண்டும் என்று சிரித்துக்கொண்டே மொண்டார். ஐந்து பளிச்சீட்டு கையில் இருக்கத் தூங்கினாயே...

மால்-நியோவா? மாமியார் செத்த வீட்டில் ராத்திரி முழுக்கச் சீட்டைக் கீழே வைக்காத மால்-நியோவா? அந்தச் சீட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு அவள் தூங்குவாளா?

கரண்டியில் இருந்த தண்ணீரைப் பார்த்தார். அந்தக் காலத்தில் கரியடுப்புப் புகை அடித்து மயங்கியவர்கள் வாயில் அம்மா ஓடி ஓடி ஊற்றியது இந்தத் தண்ணீரைத்தான். அவர்கள் கன்னமும் இப்படித்தான் சிவந்திருக்கும்.

கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. கத்தினாரா என்றும் அவருக்குத் தெரியாது, ஆனால் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அரிவாளால் பிளாஸ்டிக்கைக் கிழித்து, மால்-நியோவை அக்குளில் பிடித்துப் பனியில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்து இருவர். கடைசியில்தான் ஓக்-ரே. எல்லோரையும் விட உள்ளே, துளை வாயருகில், அவரே விரித்த மெத்தையில் அல்லவா கிடந்தாள்! அவளை வெளியே இழுத்ததும் அவரும் பக்கத்திலேயே குப்புற விழுந்தார்.

ஆம்புலன்ஸ் பனிச்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து கடற்கரை நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. உயிர் யாருக்கும் போகவில்லை. அது ஒன்றுதான் தெய்வச்செயல். மால்-நியோ கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "என் சீட்டை எவ கலைச்சா?" ஓக்-ரே கடைசியாகத்தான் விழித்தாள். கையில் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது, பேச்சு கொஞ்சம் மெதுவாகிவிட்டது. போங்-கில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சரி விடுங்க," என்றாள். அவ்வளவுதான். அந்த நாளைப் பற்றி அவள் பேசவே இல்லை.

அதிகாரி குக் தன்னையும் குற்றவாளியாக எண்ணிக்கொண்டு ஓடி வந்தான், இந்த முறை பொறியாளர்களோடு. எரிந்து சிவந்த கல்லைத் தோண்டி, தண்ணீர் பாய்ச்சி அணைத்து, சாலைக்கு அடியில் போட எடுத்துப்போனார்கள். சுட்ட செங்கல் போல உறுதி அது. எட்டாத ஆழத்தில் இருந்த சூட்டுக்கு இரும்புக் குழாய் இறக்கினார்கள். தண்ணீர் உள்ளே போய்ச் சுடுபட்டு வந்து பாத்திக்கு அடியில் ஓடும். மலையின் சூடு மட்டும் வரும், மூச்சு வராது. வாசலில் கேஸ் பார்க்கும் கருவி, ஆபத்தென்றால் அலறும் மணியோடு. நியாயமான வேலை. ஊரில் குறை சொல்ல ஆளில்லை. உள்ளே போகவும் ஆளில்லை.

அடுத்த பனிக்காலத்தில் புதுக் கூடாரம் தயாரானபோது பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. போங்-கில் உள்ளே சுற்றி வந்தார். மால்-நியோதான் தொண்டையைச் செருமினாள்.

"அண்ணே, சொல்லுங்க."

அவர் வாய் திறந்தது. சொல் வரவில்லை.

ஓக்-ரே யாரையும் பார்க்காமல் முதல் ஆளாக உள்ளே போனாள். நடுங்கும் கையால் வாசல் விரிப்பைச் சுருட்டி, மேலே கயிற்றால் கட்ட ஆரம்பித்தாள். குளிர் குபுகுபுவென்று புகுந்தது.

"மூடும்மா," என்றார் போங்-கில், பழக்க தோஷத்தில். "சூடெல்லாம் போயிடும்."

அவள் திரும்பினாள்.

"அன்னைக்கும் நீங்க மூடிட்டுத்தான் போனீங்க."

"அன்னைக்கு... நீ தூங்கிட்டு..."

"தூங்கல." மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "கை வரல. கால் வரல. நாக்கு வரல. கண்ணு மட்டும் தெரிஞ்சுது. நீங்க வந்தீங்க. அப்பாடா, மனுஷன் வந்துட்டாரு, இனி பயமில்லன்னு நெனச்சேன். என்னப் பாத்தீங்க. சிரிச்சீங்க. போர்வையக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டீங்க. அப்புறம் கதவ மூடினீங்க. கல்லு வைக்கிற சத்தம்கூடக் கேட்டுச்சு."

ஓக்-ரே முடிச்சை இறுக்கினாள். கை நடுங்கியதால் அது சரியாக விழவில்லை. போங்-கில் போய் அந்தக் கயிற்றை வாங்கி, தானே இரண்டு முடிச்சாகப் போட்டார்.

அந்தக் கூடாரத்தின் கதவை இன்றுவரை யாரும் மூடுவதில்லை. பாதிச் சூடு வெளியே போகிறது, கீரை நிதானமாகத்தான் வளர்கிறது. பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சீட்டாடுகிறார்கள். போங்-கில் வாசலுக்கு வெளியே, பனியில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பச்சை விளக்கை அவர் பார்ப்பதே இல்லை. ஒருத்தி கண்ணை மூடினாலும் பெயர் சொல்லிக் கத்துகிறார்.

"மால்-நியோ!"

"சாகல அண்ணே! யோசிக்கக்கூட விடமாட்டேங்கிறீங்களே!"

"ஓக்-ரே!"

"இருக்கேன்."