பண்ணிடலாம் அக்கா

நேற்று ஹம்பேர்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெடியன் போனில், "பண்ணிடலாம் சார், பண்ணிடலாம்" என்றான். அவ்வளவுதான், முருங்கைக்காயும் கையுமாக நின்றுவிட்டேன். எனக்குக் கார்த்திக்கின் ஞாபகம் வந்துவிட்டது.

எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்த காலம் இருந்ததே, அப்போதுதான் என் மகள் வாசுகியின் பொறுப்பில் ஒரு சொஃப்ட்வேர் குழுவைக் கொடுத்தார்கள். அவளுடைய அலுவலகம் எங்கள் குசினியில் நான் சமைக்கிற மேசை. எனக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது (இதுவும் நான் சொல்லப் பேத்தி எழுதுவதுதான்; சிரிக்கிறாள், கள்ளி). ஆனால் காது நல்ல கூர்மை. வெங்காயம் உரித்தபடியே எல்லாரையும் குரலால் அறிந்துவைத்திருந்தேன்.

யென்ஸ் என்ற ஜெர்மன்காரருக்கு எல்லாம் முன்கூட்டியே முடிவாக வேண்டும். ஏலாதென்றால் முகத்துக்கு நேரே "நைன்", இல்லை என்றுவிடுவார். முதலில் சண்டை என்றே பயந்தேன். டிரெஸ்டனில் படித்த மதுரைப் பெடியன் கார்த்திக் நேர்மாறு. எதைக் கேட்டாலும் "யெஸ், யெஸ்". கூட்டம் முடிந்த பிறகு மகளுக்குப் போன் வரும்: "பண்ணிடலாம் அக்கா... ஆனா டைம் பத்தாது போல." பொறுப்பானவரிடம் எல்லார் முன்னாலும் மறுத்துப் பேசுவது அவனுக்கு மரியாதைக் குறைவு. அவனைச் சொல்லி என்ன? ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது அதிகாரி கேட்டதற்கெல்லாம் "யா, யா", ஆமாம் ஆமாம் என்றவள் நான். உன் பெயர் என்ன என்றதற்கும் யா!

ஒருநாள் கார்த்திக் ஒப்புக்கொண்ட வேலை முடியவில்லை. யென்ஸ் கொதித்துவிட்டார். இவர் சொல்லை நம்பித் திட்டம் போட முடியாது, நான் வேறு குழுவுக்குப் போகிறேன் என்றார். அவர் போனால் குழு உடைந்துவிடும். வாசுகி அன்று சோற்றைத் தொடவில்லை.

"அவனை நல்லா ஏசிவிடன்," என்றேன். என் மூளையைப் பாருங்கள்!

"ஏசினா இன்னும் கூட யெஸ் சொல்லுவான், அம்மா. நான் கேக்கிற விதந்தான் பிழை."

அதன்பிறகு அவள் "முடியுமா?" என்று கேட்கவேயில்லை. இதில் எது இடிக்கும் என்று கேட்டாள். கார்த்திக் இழுப்பான், இருமுவான். அவள் காத்திருப்பாள். அவன் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று யென்ஸிடமும் சொல்லிவைத்திருந்தாள். பாவம், அந்த மனிதருக்கு அது எவ்வளவு கஷ்டமோ!

சில வாரம் போனது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன், கார்த்திக்கின் குரல்: "நைன். வெள்ளிக்கிழமைக்கு முடியாது." துருவுவதை நிறுத்திவிட்டேன். யென்ஸ் ஆறுதலாக, "டாங்கே, கார்த்திக்" என்றார்.

"ஐயோ, ஏலாதெண்டதுக்கு நன்றியோ!" என்று கத்திவிட்டேன். மைக் திறந்திருந்ததாம். கார்த்திக் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவனே யென்ஸுக்கு விளக்கம் சொல்ல, அவரும் சிரித்தார். யென்ஸ் எங்கும் போகவில்லை.

இப்போது எல்லோரும் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கிறார்களாம்; நல்லாயிருக்கட்டும். முகம் காணாமலே என் மகளுக்குத் துணையாக நின்ற பிள்ளைகள். நான் இனி நினைத்த நேரத்துக்கு மிக்ஸி போடலாம். "உஷ், அம்மா" என்று கை காட்ட ஒருவருமில்லை.