பொங்கல் வரைக்கும் ஒரு சத்தியம்

டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்தின் வருட அறிக்கை எழுதப்படும். சிங்களப் பகுதியை நிலையத்தில் எழுதுவார்கள். தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. ஊரையும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களையும் சேர்த்து அமைத்த சிவில் பாதுகாப்புக் குழுவுக்கு ஏழு வருடமாக நான்தான் செயலாளர். எனக்கு உத்தியோகம் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது சிறு பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த, கூட்டத்துக்குப் பிந்தி வராத ஓர் ஆள் வேண்டும் என்று பொலிஸில் கேட்டபோது, தோட்டத்துத் துரை என் பெயரைக் கொடுத்தார்.

அந்தப் பொறுப்புக்கு நான் பொருத்தமானவள் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. பதினெட்டு வயதிலிருந்து டயரி எழுதுகிறேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். முதல் வரி மழையா, மூட்டமா, வெயிலா என்பது. மடுவத்தில் வேலை செய்கிறவளுக்குப் பிள்ளைகளின் துணி காயுமா, தாய்மார் நனைந்து வருவார்களா என்பதுதான் முதல் கவலை. அதற்குப் பிறகு யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவேன். கடைசி வரி என் அபிப்பிராயம். பல நாள் அந்த வரி இருக்காது.

அந்த வருடம் அறிக்கையில் எழுத நிறைய இருந்தது. பாலத்தடி வளைவில், எதிரே வரும் பஸ் தெரிவதற்குப் பெரிய கண்ணாடி ஒன்று பொருத்தியிருந்தோம். திருவிழாவுக்கு முன் தேர் போகும் பாதை முழுவதும் நடந்து, மின்கம்பிகள் எவ்வளவு உயரத்தில் தொங்குகின்றன என்று மூங்கில் கழி வைத்து அளந்தோம். மூன்று இடத்தில் கம்பியை உயர்த்த வேண்டியிருந்தது. தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில், மண் சரியக்கூடிய இரண்டில், அடைமழை பெய்தால் எந்த வீட்டுக்காரர் எந்த வீட்டுக் கிழவரைக் கைபிடித்துக் கூட்டிப்போவது என்று பெயர் பெயராகப் பட்டியல் போட்டுக் கதவுகளில் ஒட்டினோம். இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். மிச்சம் இருந்தது ஒரு கட்டம். வீட்டுப் பிணக்குகள், சமாதானமாகத் தீர்ந்தவை.

அந்தக் கட்டத்தில்தான் எங்கள் நிலையத்துக்கு நல்ல பெயர். அதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு யோசனை. குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவனைப் பொலிஸில் எச்சரித்து அனுப்பினால், வீட்டுக்குப் போய் அந்த எச்சரிக்கைக்கும் சேர்த்து அடிப்பான். அதனால் நிலையத்தில் இரு பக்கத்தையும் விசாரித்த பின், தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு, நிலையத்துக்குப் பின்னால் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம் என்றேன். கல்லில் சூடம் கொளுத்தி, அவன் சத்தியத்தை வாய்விட்டுச் சொல்லி, உள்ளங்கையால் அந்த நெருப்பை அடித்து அணைக்க வேண்டும். பொலிஸுக்குப் பயப்படாதவன் அம்மனுக்குப் பயப்படுவான். சார்ஜன்டுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. அவர் சிங்களவர், ஹட்டனில் வளர்ந்தவர், எங்களைப் போலவே தமிழ் பேசுவார். சூடம் பெட்டி ஒன்றைத் தன் மேசை லாச்சியிலேயே வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காகக் குழுவின் பதிவுப் புத்தகத்தையும் என் டயரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தீர்ந்ததாக எழுதியவற்றில் மூன்று, ஒரே வீட்டுடையவை. மேல் லயத்தில் இருக்கும் கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி. அவளுடைய மூன்று வயது மகள் எங்கள் மடுவத்தில்தான் இருக்கிறாள். மாசியில் ஒரு முறைப்பாடு, திருவிழா முடிந்து ஒன்று, தீபாவளி முடிந்து ஒன்று. மூன்றின் கீழும் பதிவுப் புத்தகத்தில் நான் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதியிருந்தேன்: "இனிக் குடிப்பதில்லை, அடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். தீர்ந்தது."

டயரியில் அவளுடைய கணவன் சொன்ன வார்த்தைகள் இருந்தன. முதல் தடவை: "தாயே, நம்ம திருவிழா முடியிற வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டேன்." இரண்டாவது: "தீபாவளி வரைக்கும்." மூன்றாவது: "பொங்கல் வரைக்கும்."

எங்கள் ஆட்கள் கெடு வைக்காமல் சாமியிடம் எதையும் சொல்வதில்லை. விரதம் என்றால் இத்தனை நாள், மாலை போட்டால் இத்தனை நாள். கெடு இல்லாத சத்தியத்தை மனிதனால் காப்பாற்ற முடியாது, அது சாமியை ஏமாற்றுவது என்பார்கள். எனக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்ததால்தான் எழுதாமல் விட்டேன். பதிவுப் புத்தகத்துக்கு அந்த நாள் வேண்டாத விபரமாகப் பட்டது. நான் எழுதியதை நிலையத்தில் சிங்களத்தில் மாற்றிக்கொண்டார்கள். அங்கே அது என்றென்றைக்குமான சத்தியமாகிவிட்டது.

மூன்றாவது முறைப்பாட்டு நாளின் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன். "வெயில். நாலாவது நாளாக மழை இல்லை. அவள் வலது கையில் மாவுக்கட்டு. கானில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். முறைப்பாடு, கெட்ட வார்த்தை பேசியது மட்டும்."

மழைத் தண்ணீர் வடிந்தோடும் கான் காய்ந்து கிடந்தால் அதில் யாரும் வழுக்கி விழ மாட்டார்கள். இந்த இரண்டு வரிகளையும் ஒரே பக்கத்தில், என் கையாலேயே எழுதிவிட்டு, ஒரு மாதத்துக்கு மேல் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை அவள் மகளை விட வந்தாள். கட்டு அவிழ்த்து சில நாள்தான் ஆகியிருந்தது.

"கை எப்பிடிம்மா?"

"பரவால்ல டீச்சர். வெரலு மடங்குது."

"எந்தக் கான்ல விழுந்த?"

"ஸ்டோருக்குப் பக்கத்துல."

"அன்னைக்கு நாலு நாளா வெயிலு. கான்ல தண்ணியே இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள். "ஒங்க டயரிக்கிட்ட பொய் சொல்ல ஏலாது போல."

மகள் உள்ளே ஓடிப்போகும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள். "பொங்கலுக்கு இன்னும் முப்பத்தெட்டு நாளு இருக்கு டீச்சர்."

நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"இப்ப அவரு தங்கம். வெறகு ஒடைச்சுத் தாராரு. புள்ளயக் குளிப்பாட்டுறாரு. லயத்துல எல்லாரும் மெச்சுறாங்க. எனக்கு அதுதான் பயம். அவரு நல்லா இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த நாளு கிட்ட வருதுல்ல. இன்னொரு தடவ இந்தக் கை தாங்காது டீச்சர். கை இல்லன்னா எதை வச்சுக் கொழுந்தெடுக்கிறது?"

"நடந்ததை அப்பிடியே பொலிஸ்ல சொல்றியா?"

"நீங்க கூட வந்தா சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் போனோம். அவளைப் பெண்கள் பிரிவில் பெண் கான்ஸ்டபிளிடம் உட்கார வைத்துவிட்டு, நான் அறிக்கையை எடுத்துக்கொண்டு சார்ஜன்டிடம் போனேன். கட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மிஸ், மூணு கொறையுதே?"

"மூணு தீர்ந்தது இல்ல சார்ஜன்ட். ஒண்ணு. அதுவும் தீராதது."

"அடுத்த கெழம ஏஎஸ்பி சேர் வர்றாரு. இந்தக் கட்டம் ஒண்ணுலதான் நாம மத்த ஸ்டேசனை எல்லாம் மடக்குறோம். அதுல போய் கை வைக்கிறீங்களே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணுலயும் ஒங்க கையெழுத்துத்தானே இருக்கு?"

"என் கையெழுத்துத்தான். அதுக்குத்தான் நானே வந்திருக்கேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு லாச்சியைத் திறந்தார். சூடம் பெட்டியைப் பார்த்துவிட்டு மூடினார். "அப்ப இவ்வளவு நாளா நான் வாடகைக்குத்தான் சத்தியம் வாங்கியிருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

சார்ஜன்ட் என்னை நிலையப் பொறுப்பதிகாரியிடம் கூட்டிப்போனார்; அவர் முறைப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். மூன்று முறைப்பாடும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்துப் பக்கங்களில், ஒவ்வொன்றும் சிவப்பு மையில் முடிக்கப்பட்டுக் கிடந்தன. என் டயரியைக் கேட்டார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததால் மூன்று பக்கங்களையும் நானே சிங்களத்தில் வாசித்துக் காட்டினேன். வெயில் என்ற வரியையும் விடவில்லை.

"கெடு இருந்ததை ஏன் அப்போதே எழுதவில்லை?" என்று கேட்டார்.

"எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன் சேர்."

"எனக்குத் தெரியாதே" என்றார்.

ஏழு வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் அப்படி ஒரு குறை சொன்னதில்லை. அவர் கோபப்படவும் இல்லை. அதனாலேயே அது எனக்கு நன்றாக உறைத்தது. அன்று மாலைக்குள் அவளுடைய வாக்குமூலம் எழுதி முடிந்தது. இந்தத் தடவை அதை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, சரி என்று அவள் சொன்ன பிறகே கையெழுத்து வாங்கினார்கள். கணவன் அவளிருக்கும் லயத்து வீட்டுக் காம்பராவுக்குள் வரக்கூடாது, அவளை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்பது என்று பொறுப்பதிகாரி முடிவு செய்தார்.

அடுத்த கிழமைக் கூட்டத்தில் அறிக்கையை நான் வாசித்தேன். கண்ணாடி, தேர்ப்பாதை, மண்சரிவுப் பட்டியல் எல்லாம் முடிந்து அந்தக் கட்டம் வந்ததும், தீர்ந்ததாக எழுதியவற்றில் ஒன்று தீரவில்லை, சத்தியத்தின் கெடுவை எழுதாமல் விட்ட தவறு செயலாளருடையது என்று வாசித்தேன். ஏஎஸ்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மற்றவற்றுக்கும் கெடு இருக்குமே என்று கேட்டார். அதற்கும் பதில் தயாராக இருந்தது. முந்திய நான்கு நாட்களில் தோட்டத் தலைவர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு சத்தியத்துக்கு எதிரேயும் அது முடியும் நாளை எழுதியிருந்தேன். பொங்கலோடு முடிவது இன்னும் இரண்டு, சிவராத்திரியோடு ஒன்று. அந்த வீடுகளுக்குக் கெடு முடியும் முன்பே போய்வர ஆளும் குறித்திருந்தோம்.

நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்த அன்று அவளுடைய கணவன் நேரே மடுவத்துக்கு வந்தான். மலையில் வேலை முடித்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கழுவித் துடைத்து, வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான். அந்த ஒழுங்கை நான் கவனிக்காமல் இல்லை.

"டீச்சர், நீங்க கணக்கா எழுதுறவங்க. நீங்களே சொல்லுங்க. நான் சத்தியத்த ஒரு தடவையாச்சும் மீறியிருக்கேனா?"

"இல்ல. மீறல."

"ஒரு நாளு முந்தி?"

"ஒரு மணித்தியாலம்கூட முந்தல."

"அப்புறம் எதுக்கு என்னையக் கோட்டுக்கு இழுக்கிறீங்க?"

"சத்தியம் முடிஞ்ச அன்னைக்கு அவ கைய ஒடைச்சியே, அதுக்கு."

அவன் உள்ளே விளையாடிக்கொண்டிருந்த மகளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு போனான்.

பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கும்போது நீதவான் இடைக்காலக் கட்டளை கொடுத்தார். அவன் கீழ்ப் பிரிவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனான்.

பொங்கலன்று நான் காலையிலேயே மேல் லயத்துக்குப் போய்விட்டேன். வாசலில் கோலம் போட்டு அவள் பொங்கல் வைத்தாள். இடது கையால்தான் கிண்டினாள். சார்ஜன்ட் கான்ஸ்டபிள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, விருந்தாளி போல வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். பத்து மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அவள் நிமிடத்துக்கு ஒரு தடவை பாதையைப் பார்த்தாள்.

இரண்டு மணிக்கு அவன் வந்தான். கெடு முடிந்துவிட்டது என்பது நடையிலேயே தெரிந்தது. லயத்துக்கு முன்னால் ஓடும் பெரிய கானுக்கு அந்தப் பக்கம் வரை வந்து நின்றான். மனைவியை, என்னை, தலைவரை, பொலிஸை என்று ஒருவரையும் விடாமல் திட்டினான். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சார்ஜன்ட் எழுந்து கானுக்கு இந்தப் பக்கம் போய் நின்றார்.

"என்னாண்ணே, அங்கயே நிக்கிறீங்க?"

"வர ஏலாது! கோட்டுல சொல்லியிருக்கு!" என்று அவன் கத்தினான்.

லயத்தில் யாரோ சிரித்தார்கள். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. "அப்ப சரி. வாங்க, அக்கா வீட்டுல கொண்டு விடுறேன்" என்று கானைத் தாண்டிப் போய் அவன் தோளைப் பிடித்தார். அவன் கொஞ்ச நேரம் திமிறினான். பிறகு கூடப் போனான். அன்றைய பக்கத்தில் எழுதினேன்: "மூட்டம். இரண்டு மணி பத்து நிமிடம் முதல் இரண்டரை வரை. கானைத் தாண்டவில்லை."

இரண்டாவது விசாரணையில் முழுக் கட்டளை கிடைத்தது. அவள் கொழுந்துக்குப் போகத் தொடங்கி மூன்றாவது நாள் மாலை, மகளைக் கூட்டிப்போக வந்தவள் கதவடியில் நின்றாள். இரண்டு கை விரல்களிலும் கொழுந்துக் கறை இருந்தது.

"டீச்சர், இந்தக் கோட்டுக் கட்டளைக்கும் கெடு இருக்கா?"

"இருக்கு. ஒரு வருசம்."

"அப்ப எழுதி வைங்க."

அது முடியும் நாள் அடுத்த வருட டயரியில் வருகிறது. அதை இன்னும் வாங்கவில்லை. ஆகவே கையில் இருந்த டயரியின் டிசம்பர்ப் பக்கம் ஒன்றைத் திருப்பி எழுதினேன்: "கட்டளை முடிய ஒரு மாதம். புதிய மனுவுக்குப் பெண்கள் பிரிவுக்குப் போக வேண்டும். அவளோடு நானும்."

அவள் எட்டிப் பார்த்தாள். "மழையா வெயிலான்னு எழுதலயே?"

"அது அன்னைக்குத்தாம்மா தெரியும்" என்றேன்.